வங்கக் கடலில் ஒரு போர். இலண்டன் ஆலயத்தில் ஒரு கல்



திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்றொரு சிற்றூர் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றினால் அவ்வூர் வரலாற்றறிஞரிடையே பெயர் பெற்றது. சண்டையில் உயிர்துறந்த ஒரு வீரனுக்காக எழுப்பப்பட்ட கல் அது. அதில் வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கின்றது. கள்வர் இருவரைக் கடித்து, வீழ்ந்த தலைவனை விட்டகலாமல் காத்து நின்ற நாய் அது. உருவத்தோடு விட்டார்களா? இல்லை. கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லில் பொறித்து வைத்தார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நின்று வருகின்றது!

கல் பேசும் என்பார்கள். ஆனால், கேட்கத் தெரிந்தவரிடம்தான் அது முழுமையாகப் பேசும். எந்த நினைவுக் கல்லின் முன் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். இது யாருக்காக நிற்கின்றது? இதை நிறுத்தியவர் யார்? இது யாருடைய பெயரைச் சொல்லாமல் விட்டது? முதற்கேள்விக்குக் கல்லே விடை கூறிவிடும். இரண்டாவது கேள்விக்குச் சற்று உற்றுப் பார்த்தால் விடை கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு நாம்தான் விடை தேட வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளோடு இன்று உங்களை இலண்டன் மாநகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே புகழ்பெற்ற தேவாலயம் ஒன்றில், நம் வங்கக் கடலில் நடந்த ஒரு போருக்காக எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் இருக்கின்றது. அந்தப் போருக்குப் புறப்பட்ட கப்பல் நங்கூரம் எடுத்தது நம் சென்னைக் கடலில்!

அரசர்களின் ஆலயம்

தேம்ஸ் நதிக்கரையில், பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு எதிரே வானுற நிற்கின்றது வெஸ்ட்மின்ஸ்டர் அபே. இப்போது நாம் காணும் கட்டடத்தை 1245-ஆம் ஆண்டில் தொடங்கியவர் மூன்றாம் ஹென்றி மன்னர். 1066 முதல் இங்கிலாந்தின் முடிசூட்டு விழாக்கள் நடைபெறும் இடம் இது. 2023-இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியதும் இங்கேதான். மன்னர்கள் மட்டுமல்லர்; நியூட்டன், டார்வின் போன்ற அறிவியல் மேதைகளும் இதன் தரைக்குக் கீழே துயில்கின்றனர். அடக்கம் செய்யப்பட்டவர்களின் எண்ணிக்கை 3,000-க்கும் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு மட்டுமே. சுற்றிப் பார்க்க வருவோருக்கு அன்று அனுமதி இல்லை. மற்ற நாட்களில் கட்டணம் செலுத்தி உள்ளே போகலாம். பிற சமயத்தார் இறைவனைத் தொழும் இடம் என்பதை மனத்தில் கொண்டு, குரலைத் தாழ்த்தி நடப்போம்.

உள்ளே நுழைந்ததும் உங்கள் கண் தானாக மேலே போகும். கூர்ந்த வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் அப்படி ஈர்க்கும். சிறிது நேரம் கழித்துக் கண் கீழே இறங்கும்போதுதான் சுவரெங்கும் சலவைக் கல்லால் ஆன மனிதர்கள் நிற்பது தெரியும். படைத்தலைவர்கள், அமைச்சர்கள், கடலோடிகள்! தொழுகைக் கூடத்தில் எவருடைய உருவமும் இல்லாமல் பழகிய நமக்கு, இத்தனை உருவங்களுக்கு நடுவே ஒரு வழிபாட்டு இடம் இருப்பது வியப்பாகவே தோன்றும். அந்த வியப்போடு சுவர்களை வாசித்துக்கொண்டே நடந்தால், நமக்கு நன்கு தெரிந்த ஊர்ப் பெயர்கள் எதிர்ப்படத் தொடங்கும்.

கம்பெனி நிறுத்திய கற்கள்

முதலில் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். கர்நாடகப் போர்களில் ஆங்கிலப் படையை நடத்தியவர். அவருடைய நினைவுச் சின்னத்தில் ஓர் ஊரின் தோற்றம் செதுக்கப்பட்டிருக்கின்றது. அது எந்த ஊர் தெரியுமா? நம் திருச்சிராப்பள்ளி! காவிரிக்கரை ஊர், தேம்ஸ் நதிக்கரையில் சலவைக் கல்லாகி நிற்கின்றது.

அடுத்து சர் அயர் கூட். 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டை அருகே ஹைதர் அலியின் பெரும்படையை எதிர்த்து நின்று வென்றவர் இவர்தான். முஸ்லிம்கள் நிறைந்து வாழும் நம் பரங்கிப்பேட்டையின் கடற்கரை மணலில் நடந்த அந்தப் போருக்கும், இந்த ஆலயத்தின் சலவைக் கல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி வடித்த இந்தச் சின்னத்தில் வெற்றித் தேவதை கூட்டின் உருவப் பதக்கத்தை மாட்டிக்கொண்டிருக்கின்றாள். ஒரு பனைவகை மரமும் நிற்கின்றது. அதன் கீழே, தலை கவிழ்ந்து அழும் இந்தியக் கைதி ஒருவன் அமர்ந்திருக்கின்றான். அவனுக்குப் பெயர் இல்லை. அவன் ஒரு தனி மனிதன் அல்லன். தோற்ற நாடு ஒன்றின் அடையாளம்.

பிறகு கடற்படைத் தளபதி சார்லஸ் வாட்சன். 1757-இல் கிளைவோடு சேர்ந்து கல்கத்தாவை மீட்டவர். அதே ஆண்டில் அங்கேயே காய்ச்சலால் இறந்தவர். அவருடைய சின்னத்திலும் விலங்கிடப்பட்ட கைதி உருவம் உண்டு. அது பிரெஞ்சுக்காரர் இழந்த சந்திரநாகூரைக் குறிக்கின்றது.

இந்த மூன்று சின்னங்களுக்கும் பொருள் கொடுத்தவர் ஒருவரே. அரசரா? இல்லை. பாராளுமன்றமா? அதுவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி! மிளகும் துணியும் வாங்கி விற்க வந்த வணிகர் கூட்டம், அரசர்கள் முடிசூடும் ஆலயத்தின் சுவரில் தன் நன்றிக் கணக்கை எழுதி வைத்திருக்கின்றது. நாம் காண வந்த நான்காவது சின்னமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இருபத்தாறு வயது இளைஞர்

இதோ, எட்வர்டு குக்! உலகைச் சுற்றி வந்த ஜேம்ஸ் குக் அல்லர் இவர், இவர் வேறு. இளைய ஜான் பேக்கன் என்னும் சிற்பி இதை வடித்தார். கடற்படை உடை அணிந்த ஓர் இளைஞர் சாய்ந்து வீழ்கின்றார். மாலுமி ஒருவன் அவரைத் தாங்கிப் பிடிக்கின்றான். இரு போர்க்கப்பல்கள் மோதும் காட்சியும் செதுக்கப்பட்டிருக்கின்றது.

எழுத்தைப் படியுங்கள். கம்பெனி தன் நன்றியின் அடையாளமாக இதை எழுப்புவதாகக் கூறுகின்றது. 1799 மார்ச் முதல் நாள், வங்கக் கடலில், தம் கப்பலைவிட வலிமை மிக்க பிரெஞ்சுப் போர்க்கப்பலான லா ஃபோர்ட்டை நெடுநேரம் போரிட்டுக் குக் கைப்பற்றினார் என்கின்றது. அந்தப் போரில் பட்ட காயங்களால் அதே ஆண்டு மே மாதம், 26 வயதில் அவர் இறந்ததாகத் தெரிவிக்கின்றது. இடையில் ஒரு வரி வருகின்றது. அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இச்செயல் வீரத்தால் எவ்வளவு ஒளி மிக்கதோ, இந்தியாவில் பிரிட்டிஷ் வணிகத்திற்குத் தந்த விளைவால் அவ்வளவு முக்கியமானது என்பது அதன் கருத்து.

வணிகம்! வழிபாட்டு இடத்தில், ஓர் இளைஞரின் மரணத்தைப் பற்றிச் சொல்லும் கல்லில், அந்தச் சொல் வெட்கமின்றி நிற்கின்றது. கம்பெனி பொய் சொல்லவில்லை. அந்த மட்டில் அதைப் பாராட்டலாம். எதற்காக நன்றி செலுத்துகின்றதோ அதை ஒளிக்காமல் எழுதிவிட்டது.

இந்த வரியின் பொருள் முழுமையாக விளங்க வேண்டுமானால், 1798-99ஆம் ஆண்டுகளின் நம் கடலுக்கும் கரைக்கும் போய்வர வேண்டும்.

மைசூரும் மொரீஷியசும்

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அப்போது உலகெங்கும் போர். இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரரின் பிடிமானம் மொரீஷியஸ் தீவு. செர்சே என்ற தளபதியின் கீழ் 1796-இல் அங்கு வந்து சேர்ந்த போர்க்கப்பல்களுள் ஒன்று லா ஃபோர்ட்.

மைசூரில் திப்பு சுல்தான். 1792-இல் தம் நாட்டின் பாதியை இழந்து, இரு மைந்தர்களைப் பிணையாகக் கொடுத்து, பின்னர் மீட்டு, மீண்டும் நிமிர்ந்து நிற்க முயன்றுகொண்டிருந்தார். உதவி தேடி மொரீஷியசுக்குத் தூதர்களை அனுப்பினார். மறைவாகப் பேசி முடிக்க வேண்டிய செய்தியை, அத்தீவின் ஆளுநர் மலார்த்திக் 1798 ஜனவரியில் பகிரங்க அறிக்கையாகவே வெளியிட்டுவிட்டார்! திப்புவுக்கு உதவத் தொண்டர்கள் வாருங்கள் என்று அழைத்தார். வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. செர்சேயின் அணியைச் சேர்ந்த பிரெனூஸ் என்ற கப்பல் அவர்களையும் தூதர்களையும் ஏற்றி வந்தது. பெயரளவிலான அந்த உதவி, புதிதாக வந்திறங்கிய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்க நல்ல காரணமாகிவிட்டது. கெய்ரோவிலிருந்து நெப்போலியன் 1799 ஜனவரியில் திப்புவுக்கு எழுதிய கடிதமும் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது.

1799 பிப்ரவரி. வேலூரிலிருந்து ஆங்கிலப் படை மைசூரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதே வேளையில் லா ஃபோர்ட் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிலத்தில் போர்ச் செலவு பெருகும்போது கடலில் சரக்கும் போனால் கம்பெனியின் நிலை என்னாகும்? கல்லில் உள்ள அந்த வரியின் பொருள் இதுதான்.

சென்னையிலிருந்து புறப்பட்ட சிபில்

எட்வர்டு குக்கின் கப்பலுக்குச் சிபில் என்று பெயர். வியப்பான செய்தி, அதுவும் பிரெஞ்சுக்காரர் கட்டியதே! 1794-இல் கிரேக்கத் தீவு ஒன்றின் அருகே ஆங்கிலேயர் அதைப் பிடித்திருந்தனர். குக் சாதாரண இளைஞர் அல்லர். 1793-இல், இருபது வயதளவில், பிரெஞ்சுத் துறைமுகமான தூலோனுக்குள் தூதராகத் துணிந்து சென்று வந்தவர். 1798 ஜனவரியில் பிரெஞ்சுக் கப்பல் போல் வேடமிட்டு மணிலா துறைமுகத்துக்குள் நுழைந்து, நண்பர்கள் என்று நம்பி வந்த ஸ்பானிய அதிகாரிகளைப் பிடித்து, விருந்து வைத்து, பின் விடுவித்தவர். துணிவும் தந்திரமும் நகைச்சுவையும் கலந்த மனிதர் என்று தோன்றுகின்றது.

பிப்ரவரி 19-ஆம் நாள் சென்னைக் கடலிலிருந்து சிபில் புறப்பட்டது. ஒன்பது நாட்கள் தேடல். 28-ஆம் நாள் இரவு, கல்கத்தாவுக்குத் தென்மேற்கே பாலாசோர் கரைக்கு அப்பால், தொலைவில் சில ஒளிக்கீற்றுகள் தெரிந்தன. முதலில் மின்னல் என்று நினைத்தார்கள். மின்னல் இத்தனை முறை வெட்டுமா? இல்லை, அவை பீரங்கிகள்! லா ஃபோர்ட் தன் வேட்டையில் இருந்தது. பிடிபட்ட வணிகக் கப்பல்களும் அதன் அருகே இருந்தன.

கடலோர ஊர்களில் பிறந்தவர்களுக்கு அடுத்த செய்தியின் நுட்பம் விளங்கும். குக் உடனே பாயவில்லை. காற்று வரும் பக்கத்தைத் தனதாக்கிக்கொள்ளும் வகையில் கப்பலை மெல்ல நகர்த்தினார். நடுநிசி கடந்தது. வருவது இன்னொரு வணிகக் கப்பல்தான் என்று பிரெஞ்சுத் தளபதி பொலியூ எண்ணினார். எதிரிக் குண்டுகள் வரத் தொடங்கிய பின்னும் சிபில் உடனே பதிலளிக்கவில்லை. மிக அருகே போய், லா ஃபோர்ட்டின் பின்புறத்தைக் கடக்கும் கணத்தில், ஒரு பக்கத்துப் பீரங்கிகள் யாவும் ஒருசேர முழங்கின.

பாய்மரக் கப்பலின் பின்புறம்தான் அதன் மிக மென்மையான இடம். பக்கவாட்டில் கனத்த மரம் காக்கும். பின்னால் சாளரங்களும் மெல்லிய பலகையுமே இருக்கும். அந்த வழியே புகும் குண்டு கப்பலின் முழு நீளத்துக்கும் ஓடும். அந்த முதல் முழக்கத்திலேயே போரின் போக்கு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. லா ஃபோர்ட்டின் பீரங்கிகள் பெரியவை. ஆனால், பிடித்த கப்பல்களை நடத்திச் செல்ல ஆட்களை அனுப்பி அனுப்பி அதன் மாலுமிகள் குறைந்திருந்தனர். அதன் குண்டுகள் பெரும்பாலும் உயரே பறந்து பாய்களையும் கயிறுகளையும் கிழித்தன.

இரவு ஒன்றரை மணியளவில் சிதறு குண்டுகள் குக்கின் உடலில் பாய்ந்தன. லூசியஸ் ஹார்டிமன் என்ற அதிகாரி பொறுப்பேற்றுப் போரை நடத்தினார். மேலும் ஒரு மணி நேரம். லா ஃபோர்ட்டின் பாய்மரங்கள் அனைத்தும் முறிந்து விழுந்தன. தளபதி பொலியூ முன்னரே கொல்லப்பட்டிருந்தார். கப்பல் பணிந்தது.

விடிந்ததும் கணக்கெடுத்தார்கள். சிபிலில் இறந்தவர் 5 பேர், காயமுற்றோர் 17 பேர். லா ஃபோர்ட்டில் இறந்தவர் 65 பேர், காயமுற்றோர் ஏறத்தாழ 80 பேர்.

ஒரே மே மாதம்

குக் உடனே இறக்கவில்லை. கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, மார்ச், ஏப்ரல், மே என்று வங்காளத்தின் கோடை வெயிலில் ஆறாத காயங்களோடு கிடந்தார். அந்தக் காலத்தில் மயக்க மருந்தும் இல்லை. காயத்தின் நஞ்சை முறிக்கும் மருந்தும் இல்லை. ஏறத்தாழ பன்னிரண்டு வாரம்! ஆலயத்துச் சிற்பத்தில் அவர் அழகாக, அமைதியாகச் சாய்கின்றார். உண்மையான மரணமோ அவ்வளவு அழகாக வரவில்லை. ஒரு தாயின் மகன், 26 வயதில், பிறந்த மண்ணிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் படுக்கையில் தவித்தான் என்று எண்ணிப் பார்த்தால், அவன் எந்தக் கொடியின் கீழ் நின்றான் என்பதற்கு முன்பே நம் நெஞ்சு இரங்கிவிடும். இரங்கத்தான் வேண்டும்.

அதே மே மாதத்தின் நான்காம் நாள், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டை வாயிலில், கையில் வாளோடு வீழ்ந்தார் ஷஹீத் திப்பு சுல்தான். மறுநாள் கும்பஸில், தந்தை ஹைதர் அலிக்கும் தாய்க்கும் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அந்த மாலையில் இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டியது என்று உடனிருந்த ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கின்றனர். அதன்பின் ஏறத்தாழ மூன்று வாரத்தில் கல்கத்தாவில் குக் கண்மூடினார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனால், ஒரே போரின் இரு முனைகளில் அவர்கள் நின்றனர். கம்பெனியின் ஒரே பேரேட்டில் இருவர் மரணமும் பதிவாயின. ஒன்று நன்றிக் கடன், மற்றொன்று வரவு.

இன்னுமொன்று கேளுங்கள். குக்கின் உடல் வெஸ்ட்மின்ஸ்டரில் இல்லை. கல்கத்தாவிலேயே அவரை அடக்கம் செய்துவிட்டார்கள். இலண்டனில் இருப்பது உடலில்லாத நினைவு மட்டுமே. திப்புவின் குடும்பத்தாரோ முதலில் நம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய் எழுச்சிக்குப் பின் அதே கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அந்நகரின் நடுவே, தர்மதலாவில், திப்புவின் இளைய மகன் குலாம் முஹம்மது 1842-இல் எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் பாங்கொலி கேட்கின்றது. வென்றவர்களின் இளம் தளபதியும், தோற்றவரின் பிள்ளைகளும் ஒரே ஊர் மண்ணை வந்தடைந்தனர். தேம்ஸ் கரைக் கல் இதைச் சொல்வதில்லை.

கல் சொல்லாத பெயர்கள்

இப்போது நம் மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

குக்கைத் தாங்கிப் பிடித்திருக்கும் அந்த மாலுமி யார்? அவனுக்கு முகம் உண்டு, தோள் உண்டு, தன் தலைவனின் பாரத்தைச் சுமக்கும் கைகள் உண்டு. பெயர் இல்லை! கோவிவன் என்ற நாய்க்குக் கிடைத்த பேறு அவனுக்குக் கிடைக்கவில்லை. சிபிலில் அன்றிரவே மாண்ட ஐவரின் பெயர்களும் அந்தக் கல்லில் இல்லை. தம் கப்பலுக்காகப் போரிட்டு மடிந்த பொலியூவும் 65 பேரும் 'வலிமை மிக்க எதிரி' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். எதிரி எவ்வளவு வலியவனோ அவ்வளவுக்கு வெற்றி பெரிது. அதற்காக மட்டுமே அவர்கள் அங்கே தேவைப்பட்டனர்.

கப்பல்களின் பிற்காலக் கதையும் அந்தக் கல்லுக்குத் தெரியாது. நம் வாசகர்கள் அறிய வேண்டிய கதை அது. கைப்பற்றப்பட்ட லா ஃபோர்ட் ஆங்கிலக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 1801-இன் தொடக்கத்தில், எகிப்திலிருந்த பிரெஞ்சுக்காரரை எதிர்க்கச் செங்கடலுக்குச் சென்ற அணியில் அதுவும் போனது. போன இடத்தில் ஜித்தா துறைமுகத்தருகே பாறையில் மோதி அழிந்தது. ஆம், நம் பாட்டன்மார் ஹஜ் பயணத்தில் கப்பலிலிருந்து இறங்கிய அதே ஜித்தாதான்! இத்தனை உயிர்களைக் கொடுத்துப் பெற்ற பரிசு இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை.

சிபிலின் முடிவு வேறு விதமானது. 1827 முதல் சில ஆண்டுகள் அது மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் காவல் புரிந்தது. மனிதர்களைச் சங்கிலியில் பூட்டி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் விற்கக் கொண்டுபோன அடிமைக் கப்பல்களைப் பிடிப்பதே அதன் வேலை. அதுவும் அதன் துணைக்கலமும் மீட்ட ஆப்பிரிக்கர் பலர். வணிகத்தைக் காக்க ஒருவர் உயிரைக் கொடுத்த அதே மரக்கலம், பின்னாளில் மிகக் கொடிய வணிகம் ஒன்றைத் தடுத்து நின்றது. 1833-இல் அதை விற்றுவிட்டார்கள். என்னைக் கேட்டால், சிபிலின் பெயரைக் கல்லில் பொறிக்க அந்தப் பிற்காலப் பணி போதுமான காரணம் என்பேன். ஆனால், அதற்குச் செலவு செய்யக் கம்பெனிக்கு என்ன இலாபம்?

மிதிக்கப்படாத ஒரு கல்

ஆலயத்தை விட்டு வெளியேறும் முன் இன்னும் ஓரிடத்தில் நில்லுங்கள். மேற்கு வாயிலருகே, தரையோடு தரையாக, கறுப்புச் சலவைக் கல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கின்றது. அதைச் சுற்றிச் செந்நிறப் பாப்பி மலர்கள். முதல் உலகப் போரில் மாண்ட, பெயர் தெரியாத ஒரு போர்வீரனின் உடல் 1920 நவம்பர் 11-ஆம் நாள் அங்கே அடக்கம் செய்யப்பட்டது. அவன் அதிகாரியா, கடைநிலைச் சிப்பாயா என்பது எவருக்கும் தெரியாது. அந்த ஆலயத்தில் மன்னர்களின் கல்லறைக் கற்கள்மீதுகூட மக்கள் நடந்துபோகின்றனர். அந்த ஒரு கல்லை மட்டும் எவரும் மிதிப்பதில்லை. முடிசூட வரும் மன்னரும் விலகித்தான் போக வேண்டும்!

குக்கின் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் இடையே நூறாண்டுகளுக்கும் மேல். மகனை இழந்து, அவன் எங்கே புதைந்தான் என்றுகூட அறியாத இலட்சக்கணக்கான தாய்மார்களின் கண்ணீர் அந்த இடைக்காலத்தில் சிந்தப்பட்டது. தளபதியைத் தாங்கிய மாலுமிக்கும் ஒரு நினைவு வேண்டும் என்பதை அந்த நாடு அந்தக் கண்ணீரிலிருந்துதான் கற்றுக்கொண்டது.

நாம் என்ன கற்றுக்கொள்ளப் போகின்றோம்?

வாசகர்களே! கடல் நமக்கும் அந்நியமன்று. காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் பரங்கிப்பேட்டையும் பாய்மரங்களால் வாழ்ந்த ஊர்கள். நம் முன்னோரில் எத்தனையோ பேர் மரக்கலத்தில் ஏறிப் போனார்கள். அவர்களுள் சிலர் திரும்பவில்லை. அவர்களுக்குச் சலவைக் கல் எழுப்ப எந்தக் கம்பெனியும் இருந்ததில்லை. ஆடம்பரக் கல்லறைகள் நம் வழக்கமும் அன்று, வேண்டியதும் இல்லை. ஆனால், பெயரை எழுதி வைக்கக் கல்லா வேண்டும்? ஒரு குறிப்பேடு போதும். உங்கள் வீட்டுப் பாட்டியாரிடம் கேளுங்கள். எந்தக் கப்பலில் யார் போனார், எந்த ஊரில் யார் அடங்கினார் என்பதை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவரோடு போய்விட்டால், அப்பெயர்களைத் தேடித்தர எந்த ஆலயத்துச் சுவரும் நமக்கு உதவாது.

இலண்டன் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், எட்வர்டு குக்கின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த இளைஞரின் துணிவை மதியுங்கள். கம்பெனியின் எழுத்தைக் கவனமாகப் படியுங்கள். பிறகு, அவரைத் தாங்கி நிற்கும் பெயரற்ற அந்தக் கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.